புல்லுக்கும் ஒரு பட்டம் இருக்கு

ஒஹையோ, இல்லினாய், பென்சில்வேனியா மாதிரி அமெரிக்காவின் வடக்குப் பக்கத்தில் உங்க அக்காவோ சித்தப்பா பையனோ இருந்தா, செப்டம்பர் மாசம் ஒரு சனிக்கிழமை வீடியோ கால் போட்டுப் பாருங்க. பின்னாடி ஒரு மெஷின் தடதடன்னு ஓடிட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. புல் வெட்டுற மெஷின் இல்லை. அது போன இடமெல்லாம் விரல் தடிமனில் மண் துண்டுகள் சிதறிக் கிடக்கும். தெருநாய்க் கூட்டம் ஒண்ணு வந்துட்டுப் போன மாதிரி இருக்கும் தோட்டம். அப்புறம் அதே தரை மேல விதையைத் தூவுவாங்க.

துளை போடுறதுக்குப் பேர் ஏரேஷன். இருக்கிற புல் மேலயே மறுபடி விதைக்கிறதுக்குப் பேர் ஓவர்சீடிங். செடி எல்லாம் துளிர்க்கிற ஏப்ரலை விட்டுட்டு, இலை கொட்டப் போற நேரத்தில் போய் ஏன் விதைக்கிறாங்க? தோட்டக்காரரைக் கேட்டா ஒரே வரியில் பதில் சொல்லிடுவார். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னால் முந்நூறு வருஷக் கதை இருக்கு. அதில் கப்பல் வருது, மண்புழு வருது, நம்ம ஊர் இலுப்பை மரமும் வருது. இன்னிக்கு அந்தக் கதைதான்.

இது சின்ன விஷயம் இல்லைன்னு காட்ட ஒரே ஒரு கணக்கு. 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வைத்து, அமெரிக்காவில் வீடு, அலுவலகம், கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்த்து எவ்வளவு புல்தரை இருக்கிறது என்று மதிப்பிட்டது. கிடைத்த எண் சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். அதாவது ஒரு தமிழ்நாட்டையும் தாண்டின பரப்பு முழுக்க யாரும் சாப்பிடாத பயிர். தண்ணீர் பாய்ச்சி வளர்க்கப்படும் மக்காச்சோளத்தைவிட அதிகப் பரப்பு. அத்தனை பேரும் தப்பான மாசத்தில் விதைச்சா எவ்வளவு விதை, எவ்வளவு தண்ணி வீணாகும்னு யோசிச்சுப் பாருங்க.

நம்மகிட்ட இதுக்கு ஒரு நல்ல வார்த்தை இருக்கு: பட்டம். ஆடிப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம். எந்த விதைக்கு எந்தக் காலம் என்பதுதான் பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவங்க காலண்டரைப் பார்த்துச் சொல்லலை, மழையையும் மண் சூட்டையும் பார்த்துச் சொன்னாங்க. அமெரிக்க வீட்டுப் புல்லுக்கும் அப்படி ஒரு பட்டம் இருக்கு. சிக்கல் என்னன்னா, அந்தப் பட்டத்தை அந்தப் புல் வேற கண்டத்திலிருந்து கூடவே கொண்டுவந்தது.

வட அமெரிக்க வீடுகளில் அதிகம் வளரும் புல்லின் பெயர் கென்டக்கி புளூகிராஸ். பேரைக் கேட்டா கென்டக்கி மாநிலத்து மண்ணின் மைந்தன் என்று தோணும். இல்லை. அது ஐரோப்பா, ஆசியா பக்கத்துப் புல். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் ஆடுமாடுகளோடு கிழக்குக் கரையில் இறங்கினார்கள். அங்கே இருந்த நாட்டுப் புற்கள் இடைவிடாத மேய்ச்சலைத் தாங்கவில்லை. அதனால் சொந்த ஊரிலிருந்து தீவனப் புல் விதைகளை வரவழைத்தார்கள். வேண்டுமென்று கொண்டுவந்தது பாதி, வைக்கோலிலும் சாணத்திலும் ஒட்டிக்கொண்டு வந்தது மீதி. புல் மனுஷனைவிட வேகமாகப் பரவியது. கென்டக்கிக்குப் போன பின்னாடி, அங்கேயே காலங்காலமாக இருந்த மாதிரி பேரும் வாங்கிக்கிச்சு.

இவையெல்லாம் குளிர்காலப் புற்கள். பேர் கொஞ்சம் ஏமாத்தும். பனியில் வளரும் என்று அர்த்தம் இல்லை, இதமான குளிரில் வளரும் என்று அர்த்தம். காற்று 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் குஷியாக வளரும். முப்பதைத் தாண்டினால் சோர்ந்து பழுப்பாகித் தூங்கப் போயிடும். இங்கிலாந்தில் இது பிரச்சினையே இல்லை. அங்கே கோடையும் மிதம், வருஷம் முழுக்கத் தூறல். பதினெட்டாம் நூற்றாண்டில் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்கிற லேன்ஸ்லாட் பிரவுன், பிரபுக்களின் மாளிகை வாசல் வரைக்கும் பச்சைப் பசேல் என்று புல்வெளியை இழுத்துக்கொண்டு வந்து விட்டார். ஆடு மேய்ந்தது, ஆட்கள் நீள அரிவாளால் அறுத்தார்கள், மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அந்தக் காட்சி மேல் அமெரிக்கப் பணக்காரர்களுக்கு ஆசை வந்தது. வாஷிங்டன் நகரத்து ஜூலை மாசப் பகலில் வெயில் 31, 32 டிகிரி. காட்சியை இறக்குமதி பண்ணலாம், வானிலையை எப்படிப் பண்றது?

அடுத்து 1830. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதி துணி ஆலைகளுக்குப் பெயர் போனது. அங்கே எட்வின் பட்டிங் என்கிற மெக்கானிக், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சீவும் சுழல் கத்தி மெஷினைப் பார்த்தார். துணியைச் சீவினா புல்லையும் சீவும்தானே? அந்த வருஷம் ஆகஸ்டில் காப்புரிமை வாங்கினார். உலகத்தின் முதல் புல்வெட்டும் மெஷின் அது. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்கியல் தோட்டம் முதல் வாடிக்கையாளர்களில் ஒன்று. வார்ப்பிரும்பில் செய்த கனமான சாமான். பின்னால் பெரிய உருளை வேற. வெட்டிக்கொண்டே மண்ணை அழுத்திக்கொண்டும் போகும். தோட்டக்காரர்களும் தனியாகக் கல் உருளை, இரும்பு உருளை வைத்துப் புல்தரையை உருட்டிச் சமமாக்குவார்கள். தரை மேஜை மாதிரி இருக்கணும் என்பதுதான் அந்தக் கால லட்சியம்.

மண்ணை அழுத்தினால் என்ன ஆகும்? நல்ல மண்ணில் பாதி அளவு மண்ணே கிடையாது. காற்றும் தண்ணீரும் இருக்கும் நுண்ணிய சந்துகள்தான். வேரும் மூச்சு விடுது, அதுக்கும் ஆக்ஸிஜன் வேணும். அழுத்த அழுத்தச் சந்துகள் அடைபடும், தண்ணீர் இறங்காமல் மேலேயே ஓடும், வேர் ஆழம் போகாமல் மேலாகவே படரும். மேலாகப் படர்ந்த வேர் முதல் வெயிலிலேயே காய்ந்துபோகும்.

இதைச் சரிபண்ண இயற்கை ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தது. சம்பளம் இல்லாத ஆள். மண்புழு.

சார்லஸ் டார்வின் கடைசியாக எழுதிய புத்தகம் பரிணாமத்தைப் பத்தினது இல்லை, மண்புழுவைப் பத்தினது. 1881-ல் வந்தது. அடுத்த வருஷம் அவர் இறந்துவிட்டார். வீட்டில் தொட்டிகளில் புழு வளர்த்து, அதுங்களுக்குக் காது கேட்குதான்னு பார்க்க மகனை விட்டு பஸூன் ஊதச் சொன்ன மனுஷன் அவர். (புழுக்கள் கண்டுக்கவே இல்லை.) ஆனால் கணக்கில் விளையாட்டு இல்லை. இங்கிலாந்தின் பல பகுதிகளில் வருஷத்துக்கு ஒரு ஏக்கரில் பத்து டன்னுக்கும் மேலான மண், புழுக்களின் உடம்பு வழியாகப் போய் மேலே வருகிறது என்று அவர் மதிப்பிட்டார். துளை போடுவதும் அதுதான், மண்ணைப் புரட்டுவதும் அதுதான்.

இப்படிப்பட்ட உழைப்பாளியை கோல்ஃப் ஆடுறவங்களுக்குப் பிடிக்கவில்லை. புழு மேலே தள்ளும் எச்ச மண் சின்னச் சின்னக் குவியலாகக் கிடக்கும். பந்து உருளும்போது அதில் தட்டித் திசை மாறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதுக்கு ஒரு மருந்து கிடைத்தது. பேர் மௌரா மீல். கப்பலில் இந்தியாவிலிருந்து போனது. அது வேறொன்றுமில்லை, இலுப்பை இனத்து மரங்களின் விதையில் எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் பிண்ணாக்கு. நம்ம பாட்டிமார் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலைக்குத் தேய்த்த அதே இலுப்பைப் பிண்ணாக்குதான். அதில் நுரை வருவதற்குக் காரணமான சபோனின் என்கிற பொருள், புழுவின் ஈரத் தோலுக்கு எரிச்சல். பொடியைத் தூவித் தண்ணீர் விட்டால், புழுக்கள் கூட்டம் கூட்டமாக மேலே வந்து சாகும். கூட்டி அள்ளிப் போட்டுவிடலாம். இங்கிலாந்து மைதானங்களில் தொடங்கி அமெரிக்க மைதானங்கள் வரைக்கும் இது பரவியது. அப்புறம் ஈய ஆர்சனேட், அதுக்கு அப்புறம் குளோர்டேன் என்று இன்னும் கொடிய விஷங்கள் வந்தன. வண்டுப் புழுக்களுக்காகப் போட்டாலும் மண்புழுவையும் அதுங்க விட்டுவைக்கவில்லை.

எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச திருப்பம் அடுத்து வருவதுதான். புழுவை விரட்டியாச்சு, உருளையும் மெஷினும் மண்ணை இறுக்கியாச்சு. கோல்ஃப் மைதானப் பணியாளர்கள் கையில் குழாய்ப் பல் வைத்த முள்கரண்டியை எடுத்துக்கொண்டு, காலால் மிதித்து மிதித்து, புழு சும்மா போட்ட துளையைத் தாங்களே போட ஆரம்பித்தார்கள். 1946-ல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டாம் மஸ்காரோ ‘ஏரிஃபையர்’ என்று ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். கரண்டி மாதிரி வளைந்த பற்கள் சுழன்று சுழன்று மண்ணைத் தோண்டி மேலே எறியும். இன்னிக்கு உங்க அக்கா வாடகைக்கு எடுக்கிற மெஷினுக்கு அதுதான் தாத்தா. கோல்ஃப் மைதானத்தில் வந்தது கொஞ்ச வருஷத்தில் வீட்டுக்கு வந்துவிடும், இது புல்தரை வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கும்.

வீடு என்று சொன்னேன். 1947-ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு வயல்களின் மேல் லெவிட் குடும்பத்தின் நிறுவனம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் கட்ட ஆரம்பித்தது. நாலைந்து வருஷத்தில் 17,000-க்கும் மேல். லெவிட்டவுன். போரிலிருந்து திரும்பிய ராணுவ வீரர்களுக்குச் சொந்த வீடு என்ற கனவு. ஒப்பந்தத்திலேயே புல் பற்றி விதி இருந்தது: ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை வாரம் ஒருமுறை வெட்டியாகணும். வெட்டாவிட்டால் நிறுவனமே ஆள் அனுப்பி வெட்டிவிட்டு பில்லையும் அனுப்பும். தொடக்க கால ஒப்பந்தங்களில் இன்னொரு விதியும் இருந்தது. வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது, வேலைக்காரர்களாக இருந்தால் பரவாயில்லை. இப்படிப்பட்ட விதிகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் லெவிட் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கவில்லை. ஒரே மாதிரி பச்சை, ஒரே மாதிரி உயரம், ஒரே மாதிரி மனுஷங்க. புல்தரையைப் பத்திப் பேசும்போது இதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரலை.

போருக்குப் பிந்தைய இந்தப் புறநகர்களில் மண்ணுக்கு என்ன ஆச்சு? புல்டோசர் வந்து மேல் மண்ணை வழித்துவிடும். லாரிகள் மாசக்கணக்கில் ஓடும். அடி மண் செங்கல் மாதிரி இறுகிவிடும். வீடு முடிந்ததும் மேலே ரெண்டு அங்குலம் நல்ல மண்ணைப் போட்டு விதை தூவிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு பக்கம், அதே வருஷங்களில் 2,4-டி என்ற களைக்கொல்லி கடைக்கு வந்தது. அகன்ற இலைக் களையை மட்டும் கொல்லும், புல்லை விட்டுவிடும். அதுவரை புல்விதைக் கலவையில் வெள்ளை குளோவர் என்கிற செடியையும் சேர்த்தே விற்பார்கள். அது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும் இலவச உரக்கடை. அதுக்கும் இலை அகலம். களையோடு சேர்ந்து அதுவும் செத்தது. சாகிறதால் ‘களை’ என்ற பட்டமும் சேர்ந்து கிடைத்தது. குளோவர் போன இடம் சொட்டையாக நின்றது, அதை நிரப்ப ஓவர்சீடிங். மண் இறுகிக் கிடந்தது, அதுக்கு ஏரேஷன். வருஷா வருஷம்.

சரி, எப்போ? மனுஷ மனசு சொல்வது வசந்தம். பனி உருகி, வெயில் எட்டிப் பார்க்கும் முதல் வாரக் கடைசியில் எல்லாருக்கும் தோட்ட ஆசை வருது. கடைகளும் ஏப்ரலில்தான் விதை மூட்டையை வாசலில் அடுக்குறாங்க. விதை என்னமோ முளைக்கும். ஆனால் வசந்தத்தில் மண் இன்னும் சில்லென்று இருக்கும், முளைக்கவே நாளாகும். முளைத்த நாற்றுக்கு வேர் பிடிக்க ஏழெட்டு வாரம்கூடக் கிடைக்காது, அதுக்குள்ள ஜூலை வந்துவிடும். இதுக்கு நடுவில் கிராப்கிராஸ் என்கிற களை. மண் 13 டிகிரி தொட்டதும் அது எழுந்து உட்காரும், வெயிலில் கொழுக்கும். அதை முளைக்கவிடாமல் தடுக்கும் மருந்து போட்டால், நீங்க விதைச்ச புல்லும் சேர்ந்து முளைக்காது. போடாவிட்டால் கிராப்கிராஸ் ஜெயிக்கும். வசந்தத்தில் துளை போட்டால், களை விதைக்கும் சேர்த்து வீட்டைத் திறந்துவிட்ட மாதிரிதான்.

ஆகஸ்ட் கடைசிக்கு வாங்க. மூணு மாச வெயிலில் மண் நல்லா சூடேறி இருக்கு, காற்று மட்டும் குளிர ஆரம்பிச்சிருக்கு. விதைக்குக் கீழே கதகதப்பு, நாற்றுக்கு மேலே இதம். இரவில் பனித்துளி. கிராப்கிராஸ் தன் ஆயுளின் கடைசியில் இருக்கு, முதல் உறைபனியில் செத்துவிடும். நாற்று இலையுதிர் காலம் முழுக்க வேர் விடும், பனிக்காலம் தூங்கும், அடுத்த வசந்தத்தில் இன்னொரு சுற்று வளரும். ஜூலை வெயிலைச் சந்திக்கும்போது அது பத்து மாசப் பயிர். வடக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்கப் பிரிவுகள் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுறாங்க: முதல் உறைபனிக்குக் குறைந்தது 45 நாள் முன்னாடி விதைச்சிடுங்க. சிகாகோ பக்கம் என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. அட்லாண்டா பக்கத்தில் ஃபெஸ்க்யூ புல் வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் நடு வரைகூட நேரம் இருக்கு. நம்ம கணக்கில் ஆவணி, புரட்டாசி.

செய்முறையில் ரெண்டு மூணு விஷயம்தான் முக்கியம். மண் ஈரமா இருக்கணும், சேறா இருக்கக் கூடாது. காய்ந்த மண்ணில் மெஷின் பல் இறங்காது, சேற்றில் ஓட்டினால் மண் இன்னும் இறுகும். துளை ரெண்டு மூணு அங்குல ஆழம் போகணும். ஆணி மாதிரி குத்துறது உதவாது, மண்ணை உருவி வெளியே எடுக்கணும். அந்த மண் துண்டுகளை அள்ளவே வேண்டாம், ரெண்டு வாரத்தில் மழையில் கரைந்து இறங்கிவிடும். அப்புறம் பொறுமை. ரை புல் ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும், ஃபெஸ்க்யூ ரெண்டு வாரம், கென்டக்கி புளூகிராஸ் மூணு வாரம்கூட எடுத்துக்கும். அதுவரை மேல் மண் காயாமல் தினமும் லேசாத் தண்ணி தெளிக்கணும்.

இதெல்லாம் குளிர்காலப் புல்லுக்கு. டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியாவின் தெற்குப் பக்கம் இருக்கிற உறவுக்காரருக்கு இதே அறிவுரையை ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. அங்கே பல வீட்டு வாசலில் இருப்பது பெர்முடா கிராஸ். பேரை வைத்து இதையும் நம்பாதீங்க, பெர்முடா தீவுக்கும் அது வந்தேறிதான். தாவரவியல் பேர் சைனோடான் டாக்டிலான். நமக்கு அதுக்கு வேற பேர் இருக்கு: அருகம்புல். ஆமா, பிள்ளையாருக்கு நாம சாத்துற அதே புல்லைத்தான் ஹூஸ்டனில் வாரா வாரம் மெஷின் வைத்து வெட்டுறாங்க. இது வெயில் பயிர். முப்பது டிகிரிக்கு மேலதான் அதுக்குத் தெம்பே வரும், குளிர் வந்தால் வைக்கோல் நிறமாகித் தூங்கும். அதனால் இதோட பட்டம் அப்படியே தலைகீழ். துளை போடுறதுன்னா மே முதல் ஜூலை வரை, புல் வேகமாக ஓடும் நேரத்தில். துளையை அது தானே மூடிக்கொள்ளும். புரட்டாசியில் போய்த் துளை போட்டால், தூங்கப் போறவனை எழுப்பிக் காயப்படுத்துற வேலை.

ஆனா பெர்முடா புல் மேலேயும் செப்டம்பர், அக்டோபரில் விதை தூவுறவங்க உண்டு. அது வேற காரணம். ஜார்ஜியாவில் இருக்கும் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானம் இதுக்குப் பேர்போனது. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் இடம். போட்டி ஏப்ரலில், அப்போ பெர்முடா புல் இன்னும் சரியா முழிக்கலை. அதனால் இலையுதிர் காலத்திலேயே அது மேல ரை விதையைப் போட்டுவிடுவார்கள். ஏப்ரலில் டிவியில் நாம பார்க்கும் அந்தப் பளபளப்பான பச்சை, தூங்கிக்கொண்டிருக்கும் அருகம்புல் மேல் விரித்த ஒரு ரை போர்வை. வெயில் ஏறினால் ரை செத்துப்போகும், கீழே இருப்பது எழுந்துகொள்ளும். அகஸ்டா மே மாசக் கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு அக்டோபரில்தான் திறக்கும், இந்த மாற்றத்தை வெளியாள் யாரும் பார்க்கமாட்டார்கள். டிவியில் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு, பெர்முடா புல்லுக்குக் குளிர்காலத்திலும் தண்ணீரையும் விதையையும் கொட்டும் வீட்டுக்காரர்கள் அரிசோனா பாலைவனத்தில்கூட இருக்காங்க.

அதனால் போனில் அக்கா கேட்டா, மாசத்தைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: வாசலில் இருக்கிறது எந்தப் புல்? டிசம்பரில் பச்சையா இருக்கா, வைக்கோல் நிறமா? பச்சைன்னா ஆவணிக் கடைசியில் மெஷினை புக் பண்ணச் சொல்லுங்க. வைக்கோல் நிறம்னா வைகாசி வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க. மழை பெய்து மறுநாள் ஈரத்தரையில் மண்புழுக் குவியல் தெரிஞ்சுதுன்னா, அந்த இடத்தை மட்டும் மெஷின் விட்டுட்டுப் போகலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.